இறந்தவரின் கடனும் வாரிசின் கையெழுத்தும்

தமிழ்நாட்டில் கடன் கொடுக்கும் வங்கிகள், நிதி நிறுவனங்கள், குழுக்கடன் நிறுவனங்கள் ஆகியவற்றின் கிளை மேலாளர்களுக்கும் வசூல் பிரிவினருக்கும்,

வணக்கம்.

கடன் வாங்கியவர் இறந்துவிட்டால் கடனும் அவரோடு போய்விடும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 37-ஆம் பிரிவின்படி, ஒருவர் கொடுத்த வாக்கு அவருக்குப் பின் அவருடைய சட்டப் பிரதிநிதிகளையும் கட்டுப்படுத்தும். எந்த அளவுக்கு என்பதுதான் கேள்வி. அந்த அளவை 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 50, 52 ஆகிய பிரிவுகளில் சொல்லிவிட்டது: இறந்தவரின் சொத்தில் எவ்வளவு வாரிசின் கைக்கு வந்ததோ அவ்வளவுக்கு மட்டும். ஐம்பதாயிரம் வந்திருந்தால் ஐம்பதாயிரம். ஒன்றும் வரவில்லை என்றால் ஒன்றுமில்லை. மகனின் சம்பளம், மனைவி வாங்கும் நூறு நாள் வேலைக் கூலி, மருமகளின் சேமிப்புக் கணக்கு, மகளுக்குப் போட்ட நகை இவையெல்லாம் அந்தக் கணக்கில் வராது.

உங்கள் சட்டப் பிரிவுக்கு இது நன்றாகத் தெரியும். வாசலில் போய் நிற்கும் வசூல் ஊழியருக்குத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. "அப்பா வாங்கின கடனை மகன்தானே கட்டணும்" என்று அவர் சொல்லும்போது, அதைக் கேட்கும் குடும்பமும் தலையாட்டுகிறது; ஊர் வழக்கமும் அப்படித்தான் என்பதால். ஒரு காலத்தில் சட்டமும் அந்தப் பக்கம்தான் நின்றது. தகப்பனின் கடனைத் தீர்ப்பது மகனின் புனிதக் கடமை என்ற பழைய இந்துச் சட்டக் கொள்கையை நீதிமன்றங்கள் ஏற்று நடந்தன. அப்போதும் கூட்டுக் குடும்பச் சொத்துதான் பொறுப்பில் இருந்தது. மகன் தானாக உழைத்துச் சேர்த்ததை அது தொட்டதில்லை. 2005-இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது அந்த வழியும் அடைக்கப்பட்டது. திருத்தப்பட்ட 6-ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு, புனிதக் கடமை என்ற ஒரே காரணத்தைக் காட்டி மகன், பேரன், கொள்ளுப்பேரன் மீது கடனுக்காக நடவடிக்கை எடுக்கும் உரிமையை எந்த நீதிமன்றமும் ஏற்கக் கூடாது என்கிறது. 2005 செப்டம்பர் 9-க்கு முன் வாங்கிய கடனுக்கு மட்டும் விலக்கு. இன்று உங்கள் வசூல் பட்டியலில் இருக்கும் தனிநபர் கடன்களில் அந்தத் தேதிக்கு முந்தையது ஒன்றாவது இருக்குமா என்பதே சந்தேகம்.

எனவே ஒரு மரணத்துக்குப் பிறகு நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது உறவுமுறையை அல்ல, கடன் பத்திரத்தில் உள்ள கையெழுத்துகளை. கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போட்டவர் தன் சொந்தக் கடனைத்தான் கட்டுகிறார். இன்னொருவர் இறந்ததால் அவர் பொறுப்பு குறையாது. பிள்ளையின் கல்விக் கடனில் பெற்றோரும், வீட்டுக் கடனில் மனைவியும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இருக்கிறார்கள். ஜாமீன் போட்டவரின் பொறுப்பும் கடனாளியின் பொறுப்புக்குச் சமம். ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டவர் கடனாளி அல்ல. நாமினி கடனாளி அல்ல. கூடுதல் கிரெடிட் கார்டு வைத்திருந்த மனைவியும் கடனாளி அல்ல, ஏனென்றால் அந்தக் கார்டில் செய்த செலவுக்கும் முதன்மைக் கார்டுதாரரே பொறுப்பு என்பது ரிசர்வ் வங்கியின் விதி. தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழில் பெயர் இருப்பதாலும் யாரும் கடனாளி ஆகிவிட மாட்டார்கள். அந்தச் சான்றிதழ் உறவைச் சொல்கிறது, அவ்வளவுதான். கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கும் மகளுக்கு, அப்பா வீட்டிலிருந்து ஒரு செம்பு கூட வராதபோது, சான்றிதழைப் பார்த்து நோட்டீஸ் அனுப்புகிறீர்கள். அவர் புகுந்த வீட்டில் அந்தத் தபாலால் என்ன நடக்கும் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

இந்த மடலை எழுத வைத்தது இன்னொரு பழக்கம். இறந்தவரின் பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள், அல்லது முடிந்த மறுநாள், ஒரு தாள் வருகிறது. சில சமயம் அது அச்சடித்த புரோநோட்டு: ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டியிருக்கும், தொகையும் தேதியும் எழுதியிருக்காது. சில சமயம் "என் தந்தையார் வாங்கிய கடனை மாதம் இவ்வளவு வீதம் செலுத்திவிடுகிறேன்" என்று நான்கு வரிக் கடிதம். "ஃபார்மாலிட்டிதான், ஆபீஸுக்குக் காட்டணும்" என்று சொல்லி மகனிடமோ மனைவியிடமோ கையெழுத்து வாங்குகிறார்கள்.

அந்தக் கையெழுத்து என்ன செய்கிறது என்று வாங்குபவர் சொல்வதில்லை. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 29-ஆம் பிரிவைப் பாருங்கள். இறந்தவரின் சட்டப் பிரதிநிதி ஒரு புரோநோட்டிலோ காசோலையிலோ தன் பெயரில் கையெழுத்திட்டால், 'எனக்கு வந்த சொத்தின் அளவுக்கு மட்டும்' என்று வெளிப்படையாக எழுதாத வரை, அவர் சொந்தமாகவே பொறுப்பாகிறார். நாற்பதாயிரம் ரூபாய் சொத்து வந்தவர் இரண்டு லட்சத்துக்குக் கடனாளியாகிவிடுகிறார். அதற்குமேல், அப்பா கொடுத்த காசோலை திரும்பினால் அவர் இறந்தபின் மகன் மீது அதே சட்டத்தின் 138-ஆம் பிரிவில் குற்ற வழக்குப் போட முடியாது. அதே மகனிடம் புதிதாக ஒரு காசோலை வாங்கிவிட்டால் அந்தக் கதவும் திறந்துவிடுகிறது. இதற்காகத்தான் அந்தத் தாளும் காசோலையும் அவ்வளவு அவசரமாக வருகின்றன என்று குடும்பங்கள் நினைத்தால், அவர்கள் மேல் தப்பு சொல்ல முடியாது.

"முடிஞ்சதைக் கட்டுங்க, ஆயிரமாவது கட்டுங்க" என்பதற்கும் இப்படி ஒரு பின்விளைவு உண்டு. பிணையில்லாக் கடனை வசூலிக்க வழக்குப் போடும் காலவரையறை பொதுவாக 3 ஆண்டுகள். அந்தக் காலம் முடிவதற்குள் பொறுப்புள்ளவர் எழுத்தில் கடனை ஒப்புக்கொண்டாலோ, ஒரு பகுதியைச் செலுத்தி அதற்கு அவர் கைப்பட எழுதிய அல்லது கையெழுத்திட்ட பதிவு இருந்தாலோ, 3 ஆண்டுகள் அன்றிலிருந்து மறுபடி தொடங்கும். காலம் கடந்த கடனுக்குக்கூட, எழுத்தில் கையெழுத்திட்டு 'கட்டுகிறேன்' என்று வாக்குக் கொடுத்தால் ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின்படி அது செல்லும். ஆயிரம் ரூபாயை ரசீதுப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பெற்றுப் போகும் ஊழியர், அந்த வீட்டின் சட்ட நிலைமையையே மாற்றிவிட்டுப் போகிறார்.

கையெழுத்துக்கு முன் நீங்கள் பார்க்க வேண்டியது காப்பீட்டை. குழுக்கடன், தனிநபர் கடன், வாகனக் கடன், வீட்டுக் கடன் என்று பலவற்றிலும் கடன் கொடுத்த அன்றே ஒரு தொகையைக் காப்பீட்டு பிரீமியமாகப் பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கொடுத்திருப்பீர்கள். வாங்கிய பெண்ணுக்கு அது 'பிராசஸிங்' பணத்தோடு சேர்ந்து போன ஏதோ ஒரு பிடித்தம். தனக்குக் காப்பீடு இருந்ததே தெரியாமல் இறந்தவர்கள் உண்டு. அந்த பாலிசியின் விவரம் உங்கள் கணினியில் இருக்கிறது, அவர்கள் வீட்டில் இல்லை. ஆகவே க்ளெய்ம் தொடங்கி வைக்கும் வேலை உங்களுடையது.

அங்கே எதெல்லாம் தவறிப்போகிறது என்று சொல்கிறோம். மரணத் தகவலைக் களப் பணியாளர் வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டு வருகிறார், காப்பீட்டு நிறுவனத்துக்கு அது எழுத்தில் போய்ச் சேருவதில்லை. க்ளெய்ம் போன பிறகும் தவணைப் பட்டியலில் இறந்தவர் பெயர் நீக்கப்படாமல் இருப்பதால், அடுத்த வாரம் வேறொரு ஊழியர் அதே வீட்டுக்குப் போகிறார். குடும்பம் பயந்து மூன்று, நான்கு தவணை கட்டிவிடுகிறது. க்ளெய்ம் வந்தபின் அந்தப் பணம் திரும்பக் கிடைப்பதில்லை. ஆதாரில் ஒரு பெயர், பாலிசியில் ஒரு பெயர், இறப்புச் சான்றிதழில் தகப்பனார் பெயரின் முதலெழுத்து மாறிய இன்னொரு பெயர் என்று கோப்பு திரும்பி வருகிறது. திரும்பி வந்த செய்தியை யாரும் வீட்டுக்குச் சொல்வதில்லை. கணவன், மனைவி இருவரும் வாங்கிய கடனில் ஒருவர் மட்டும் காப்பீட்டில் இருந்திருப்பார். பழைய கடனுக்குக் காப்பீடு இருந்திருக்கும், அதன்மேல் கொடுத்த டாப்-அப்புக்கு இருக்காது. இன்னொன்று, காப்பீட்டுத் தொகை கடன் பாக்கியைவிட அதிகமாக இருக்கும் பாலிசிகளில் மிச்சப் பணம் நாமினிக்குச் சேர வேண்டியது. இரண்டாவது கடன் எதற்கும் அதை ஈடுகட்டாதீர்கள்.

கடனோடு சேராத காப்பீடுகளையும் குடும்பத்துக்கு நினைவுபடுத்துங்கள். இறந்தவரின் சேமிப்புக் கணக்குப் புத்தகத்தை எடுத்து மே, ஜூன் மாதப் பதிவுகளைப் பாருங்கள். 436 ரூபாய் கழிந்திருந்தால் அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு, 2 லட்சம் ரூபாய். 20 ரூபாய் கழிந்திருந்தால் விபத்துக் காப்பீடு, மரணம் விபத்தால் என்றால் அதுவும் 2 லட்சம். ஜூன் 1 முதல் மே 31 வரைதான் ஒரு காப்பீட்டு ஆண்டு. புதுப்பிக்கும் நாளில் கணக்கில் பணம் இல்லாமல் போனதால் காலாவதியான பாலிசிகள் ஏராளம், ஆகவே கடைசி ஆண்டின் பதிவைத்தான் பார்க்க வேண்டும். அந்தப் பணம் நாமினியின் சொந்தக் கணக்கில் விழும்போது, இறந்தவரின் பாக்கிக்காக அந்தக் கணக்கை முடக்க உங்களுக்கு உரிமை கிடையாது.

காப்பீடு இல்லை என்றால் பிறகு சொத்துக் கணக்கு. அதை எப்படிப் போடுவது என்று ஓர் உதாரணம். ஒருவர் இறக்கும்போது வங்கிக் கணக்கில் 42,000 ரூபாய், விற்றால் 28,000 தேறும் ஒரு பைக், ஆக 70,000 விட்டுப் போகிறார். வீடு மனைவி பெயரில். கிரெடிட் கார்டு பாக்கி 1,80,000, தனிநபர் கடன் பாக்கி 90,000. இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 320-ஆம் பிரிவு, நியாயமான ஈமச்செலவையும் கடைசி நோய்க்கான மருத்துவச் செலவையும் எல்லாக் கடன்களுக்கும் முன்னால் வைக்கிறது. அது 25,000 என்றால் மீதி 45,000. பிணையில்லாக் கடன்காரர்களுக்குள் முன்னவர், பின்னவர் கிடையாது, பாக்கி விகிதப்படி பிரிக்க வேண்டும் என்பதால் கார்டு நிறுவனத்துக்கு 30,000, மற்றவருக்கு 15,000. மிச்சம் 2,25,000 ரூபாய் உங்கள் வாராக்கடன். மகனின் கடன் அல்ல. யார் முதலில் வந்து அதிகமாகச் சத்தம் போடுகிறாரோ அவருக்கு முழு 45,000-மும் போய்விடுவதுதான் நடைமுறையில் நடக்கிறது.

இறந்தவரின் பெயரோடு தொடர்புடையது என்பதற்காக எல்லாப் பணமும் இந்தக் கணக்கில் சேராது. நாமினிக்குப் போகும் வருங்கால வைப்பு நிதி, இறந்தவரின் கடன்களிலிருந்து விடுபட்டதாகவே நாமினியைச் சேர்கிறது. குடும்ப ஓய்வூதியம் மனைவியின் உரிமை. அது கணவர் விட்டுச் சென்ற சொத்தே அல்ல. 1874-ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின்படி மனைவி, பிள்ளைகளுக்காக எடுத்த பாலிசியையும் கடன்காரர் தொட முடியாது. பூர்வீக வீட்டில் இறந்தவரின் பங்கு மட்டும்தான் சொத்து. முழு வீட்டையும் காட்டி மிரட்டக் கூடாது. மறுபக்கம், வங்கி வைப்புக்கு நாமினியாக இருப்பவர் பணத்தை வாங்கிக்கொள்ளும் பொறுப்பாளர் மட்டுமே, உரிமையாளர் அல்லர் என்பதை உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது. அந்த வைப்புத்தொகை சொத்தில் சேரும். இதைக் குடும்பங்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிணையுள்ள கடன் வேறு கதை. அடமானம் சொத்தைப் பின்தொடரும், வீடு யார் பெயருக்கு மாறினாலும். நீதிமன்றத்தில் வழக்குப் போடாமலே அடமானச் சொத்தை எடுக்க வழிதரும் சர்ஃபாசி சட்டத்தில் நடவடிக்கை எடுப்பதானால் 60 நாள் நோட்டீஸ் வாரிசுகள் பெயருக்குப் போக வேண்டும். இறந்தவர் பெயருக்கே அனுப்பிவிட்டு வீட்டைப் பூட்ட வருவது நிற்காது. விவசாய நிலத்துக்கு அந்தச் சட்டமே பொருந்தாது. நகைக் கடனில் வாரிசுகள் பாக்கியைக் கட்டி மீட்கலாம், ஏலம் போனால் மிச்சத் தொகை அவர்களுக்கு. நகைச் சீட்டு தொலைந்துபோனது என்ற காரணத்துக்காக ஏலத் தேதியை மறைக்காதீர்கள். வண்டியைப் பொறுத்தவரை, உரிமையாளர் இறந்த 30 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பதைக் குடும்பத்துக்குச் சொல்லுங்கள். வண்டியை ஒப்படைப்பதா, மீதித் தவணையைக் கட்டி வைத்துக்கொள்வதா என்பது அவர்கள் முடிவு. கடன் அடைந்த பிறகு மூலப் பத்திரங்களை 30 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும், உங்கள் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் என்று ரிசர்வ் வங்கி 2023-இல் ஆணையிட்டது. கடன்தாரர் இறந்தால் வாரிசுகளுக்குப் பத்திரம் தரும் நடைமுறையை இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பதும் அதே ஆணைதான். உங்களுடையதில் அது எந்த மூலையில் இருக்கிறது என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.

குழுக்கடன் நிறுவனங்களிடம் தனியாகச் சொல்ல வேண்டியது இருக்கிறது. 2022-இல் வந்த ரிசர்வ் வங்கி விதிகளின்படி வசூல் நடக்க வேண்டியது பேசி வைத்த பொது இடத்தில். அடுத்தடுத்து இரண்டு முறையோ அதற்கு மேலோ அங்கே வராதவர் வீட்டுக்குத்தான் போகலாம். காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது. உறவினரைத் துன்புறுத்துவது, கடனின் அளவையோ கட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதையோ திரித்துச் சொல்வது இரண்டும் அதே விதிகளில் தடை செய்யப்பட்டவை. மாமியார் இறந்தால் மருமகளை "அவங்க இடத்துல நீ உட்காரு" என்று குழுவில் சேர்த்து, பழைய பாக்கியைப் புதுக்கடனாக அவர் தலையில் எழுதுவது இந்தத் தடைக்குள் வரும் என்பதே எங்கள் கருத்து. "உன் சிபில் போயிடும்" என்று கடன் பத்திரத்தில் பெயரே இல்லாத பையனிடம் சொல்வதும் அப்படித்தான். வாங்காத, ஜாமீன் போடாத கடன் ஒருவரின் சிபில் அறிக்கையில் ஏறாது. குழுவின் மற்ற உறுப்பினர்கள் கூட்டுப் பொறுப்புக்குக் கையெழுத்திட்டிருந்தால் அவர்களிடம் கேட்க உங்களுக்கு வழியுண்டு. அவர்களை ஏவி இறந்தவர் வீட்டு வாசலில் உட்கார வைக்க வழியில்லை. கடன் வாங்கியவரையும் அவர் குடும்பத்தினரையும் வற்புறுத்தித் துன்புறுத்துவதைக் குற்றமாக்கி தமிழ்நாடு 2025-இல் தனிச் சட்டமே கொண்டுவந்திருக்கிறது.

மக்கள் நீதிமன்ற நோட்டீஸையும் கவனமாகக் கையாளுங்கள். வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கான அழைப்புதான் அது. வாரிசு வந்து, மாதம் இரண்டாயிரம் கட்டுவதாகக் கையெழுத்திட்டால் அது நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. சொத்துக் கணக்கைப் பார்க்காமல் அந்த மேசையில் கையெழுத்து வாங்குவது, புரோநோட்டு வாங்குவதைவிடக் கடுமையானது.

குடும்பங்களுக்கும் கடமை இருக்கிறது. வந்த சொத்தை மறைக்கக் கூடாது. இறந்தவரின் வண்டியை விற்றுச் செலவழித்துவிட்டு 'ஒன்றும் வரவில்லை' என்றால், அது எங்கே போனது என்று நீதிமன்றம் கேட்கும். சரியான பதில் இல்லாவிட்டால் அந்த அளவுக்குச் சொந்தப் பணத்திலிருந்து கட்ட வேண்டி வரும். கடன்காரரை ஏமாற்றவே கடைசி நேரத்தில் எழுதிய செட்டில்மென்ட் பத்திரத்தையும் ரத்து செய்ய வழியிருக்கிறது. வழக்கு நடக்கும்போது பிரதிவாதி இறந்தால் 90 நாட்களுக்குள் வாரிசுகளைச் சேர்க்க உங்களுக்கு வாய்ப்பு இருக்கிறது. சட்டம் உங்களுக்குத் தந்திருக்கும் வழிகள் இவை. இவற்றில் வாருங்கள்.

நாங்கள் கேட்பது ஒரே ஒரு தாள். மரணத் தகவல் வந்ததும், ஊழியர் வீட்டுக்குப் போகும் முன்பே, உங்கள் கிளை தமிழில் தயார் செய்யும் தாள். இறந்த நாளில் பாக்கி எவ்வளவு, அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு; பத்திரத்தில் கையெழுத்திட்ட மற்றவர்கள் யார், எந்த வகையில்; காப்பீடு உண்டா, பாலிசி எண் என்ன, க்ளெய்ம் எந்தத் தேதியில் அனுப்பப்பட்டது; க்ளெய்ம் முடியும்வரை தவணை கேட்கப்படாது என்ற வரி; 'கையெழுத்திடாத வாரிசு, தனக்கு வந்த சொத்தின் அளவுக்கு மட்டுமே பொறுப்பு' என்ற வரி; புகார் கேட்கும் அதிகாரியின் தொலைபேசி எண். உங்கள் பதில் 30 நாட்களில் வராவிட்டாலோ திருப்தியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம் என்பதும், அதற்கான 14448 என்ற எண்ணும், இலவசச் சட்ட உதவிக்கான 15100 என்ற எண்ணும் கீழே இருக்கட்டும். பெண்களுக்கு வருமான வரம்பின்றி அந்த உதவி உண்டு.

அந்தத் தாளின் கீழே குடும்பத்தார் கையெழுத்திட இடம் விடாதீர்கள்.

இப்படிக்கு,
கடன், வாரிசுரிமை விவகாரங்களில் பணிபுரியும் வழக்கறிஞர்களும் சட்டத் தன்னார்வலர்களும்